கண்ணில் இறங்கிய மஞ்சள்

நேற்று சாயங்காலம் போனில் நீ கேட்ட முதல் கேள்வி, "கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்பது. வலி இருக்கிறதா என்று கேட்கவில்லை, சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று அந்த நொடியே தெரிந்துகொண்டேன். "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டு, பெங்களூரில் குளிர் விட்டுவிட்டதா என்று எதையோ கேட்டு வைத்தேன். நீயும் அதற்குப் பதில் சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பயத்தைத் தாண்டிப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டோம். தாண்டவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் இன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிற நேரத்தில், நாகமலை தெரிகிற ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு எழுதுகிறேன். படித்துவிட்டு நீ மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஆட்கள் எல்லோரும் படிக்கலாம். படிக்க வேண்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது என் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. பழைய வெள்ளை வேட்டி நிறத்தில் இருந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், உன் அம்மாவின் கைக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் இன்னும் மஞ்சளாக இருந்தது. கல்லீரலில் கட்டி இருக்கிறவன், அதற்கு மாத்திரை தின்கிறவன், கண் மஞ்சளானால் என்ன நினைப்பான்? கல்லீரல் கையை விரித்துவிட்டது என்றுதான் நினைப்பான். கைக்கண்ணாடியைக் கீழே வைக்கத் தெரியாமல் வாசற்படியிலேயே நின்றேன். பால்காரர் வந்து, "என்ன சார், மொகம் பாத்துக்கிட்டு நிக்கிறீக, மாப்ள பாக்க வாராகளோ?" என்றார். சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் இந்த மஞ்சளுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று சாவு. இன்னொன்று, நம் குடும்பத்தின் ரத்தம். எது என் கண்ணில் இருக்கிறது என்று இதை எழுதுகிற இந்த நிமிடம் எனக்குத் தெரியாது. உன் கைக்கு இந்தக் கூரியர் வரும்போது எனக்குத் தெரிந்திருக்கும். நாளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேனும் எடுக்கிறார்கள். ஆகவே நீ படிக்கும்போது இருக்கிற அப்பாவை விட, இதை எழுதுகிற அப்பா அதிகம் பயந்தவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கல்லீரல் என்றாலே குடி என்று இந்த ஊர் முடிவுகட்டி வைத்திருக்கிறது. ஸ்கேன் அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனவன், முகத்தைக்கூடப் பார்க்காமல், "சரக்கு எம்புட்டு வருசமாண்ணே?" என்று கேட்டான். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் உன் அம்மாவிடம், "சார் பாக்க அப்படித் தெரியலையேம்மா" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். உன் தாய்மாமன், எங்கள் கல்யாணத்துக்கே வராத அந்த மனிதர், விஷயம் கேள்விப்பட்டதும் போன் செய்து, "இப்பவாச்சும் நிறுத்தச் சொல்லும்மா" என்றாராம். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் பெரியப்பாவும் தொட்டதில்லை. எங்கள் இருவருக்கும் சர்க்கரை; கல்லீரலில் கொழுப்பு படிந்து, படிந்து, தழும்பாகி, தழும்பில் கட்டி வந்தது. கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவனுக்கு இது புரியாததில்லை. ஆனால் புரிந்து என்ன? என்னை விட இளையவனைத் துறைத்தலைவராக உட்காரவைத்துவிட்டு, "நீங்க சீனியர், உங்களுக்கு எதுக்கு சார் இந்தத் தலைவலி" என்று சொன்ன செயலாளர் இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பார், எங்கே போய்விட்டேன். உன் அம்மா விழித்திருந்தால் சிரித்திருப்பாள். டாக்டரம்மா அவளிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறார். கல்லீரல் தன் வேலையைச் செய்யாமல் போனால் ரத்தத்தில் கழிவு சேர்ந்து மூளைக்கு மப்புப் போடுமாம். அதனால் தினம் காலையில் என்னிடம் ஏதாவது கேட்டு, பதில் தெளிவாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டாள். "நான் என்ன ரெண்டாப்பு பயலா?" என்று கத்திவிட்டேன். மறுநாள் காபியை வைத்துவிட்டு, "சரி, யார் யார் மேல கோபம்? வரிசையாச் சொல்லுங்க" என்றாள். நான் சொன்னேன். உன் பெரியப்பா, செயலாளர், அவள் அண்ணன், எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடாமல், என்ன செய்தார்கள் என்பதோடு. கேட்டு முடித்துவிட்டு, "மூளைக்கு ஒண்ணும் ஆகல. காபியக் குடிங்க" என்றாள். அன்றிலிருந்து தினமும் அதுதான் பரீட்சை. அதில் ஒரு பயமும் உண்டு, அவளுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்: கல்லீரல் கெட்டால் மனிதன் எரிச்சல்காரனாகவும் ஆவான் என்று படித்தேன். என் கோபத்தில் எது என்னுடையது, எது நோயுடையது என்று இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நான் சொன்னதில்லை. சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் நம் ஊரில் மாசி சிவராத்திரிக்குக் குலசாமிப் பெட்டி எடுப்பார்கள். ஆத்தாவின் நகையும் பட்டும் உள்ள பெட்டி. அதைத் தூக்க நேர்ந்தவர்கள் கையில் காப்புக் கட்டி, பாலும் பழமும் தவிர வேறெதுவும் படாமல் விரதம் இருப்பார்கள். சிவராத்திரி காலையில் அவர்களைப் பெட்டி வீட்டு வாசலில் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, பூசாரி ஒவ்வொருவருடைய கீழ் இமையையும் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். எவன் கண்ணில் மஞ்சள் அதிகமோ அவனுக்கு ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவன் தலையில்தான் பெட்டி. அந்த மஞ்சளை நோய் என்று சொல்லக்கூடாது, அதற்கு மருந்து தேடக்கூடாது, வெளி ஆளிடம் அதைப் பேசக்கூடாது. இது நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் பால்குடியிலிருந்தே தெரிந்த சட்டம்.

கல்யாணம் ஆன அடுத்த மாசியில் நானும் உன் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பூசாரி என் இமையை இழுத்தவர் கையை எடுக்கவே இல்லை. "ஆத்தாடி, மஞ்சக்கிழங்க அரைச்சு ஊத்துன மாதிரில்ல இருக்கு!" என்றார். கூட்டம் குலவையிட்டது. அப்போது உன் பெரியப்பா எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அவன் கட்டியிருக்கிறது வேத்தாளு. அவன் புள்ளைக்கு ஆத்தா எறங்க மாட்டா. ரத்தம் விட்டுப்போச்சு. விட்டுப்போன வீட்டுல பெட்டியக் குடுப்பீகளா?" என்றார். ஒருவரும் அவரை மறுக்கவில்லை. பெட்டி அவர் தலைக்குப் போனது. உன் அம்மா பந்தலோரம் புதுச்சேலையில் நின்று அதைக் கேட்டாள். நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். அதன்பிறகு நான் ஊர்க் கோவிலில் கால் வைத்ததில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது உனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாய், நினைவிருக்கிறதா? காய்ச்சல் விடுகிற நேரம் உன் கண் மஞ்சளாகிவிட்டது. அம்மா அழுதுகொண்டே கீழாநெல்லி தேடி ஓடினாள். நான் உன்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை இழுத்துப் பார்த்தேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் எந்தத் தகப்பனும் படக்கூடாத சந்தோஷம் பட்டேன். ரத்தம் விட்டுப்போகவில்லை! உன்னை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அண்ணன் வாசலில் நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது. இரண்டு நாளில் நீ சோறு தின்றாய், மஞ்சள் போய்விட்டது. கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது.

உன் பெரியப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று சேதி வந்தபோதும் எங்களுக்குள் பேச்சில்லை. கட்டியை அறுக்க முடியாது, மாத்திரைதான் என்று கொடுத்திருக்கிறார்கள். சில வாரத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. மாத்திரையைக் கல்லீரல் தாங்கவில்லை என்று அவர் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். போன ஆடியில் போய்விட்டார். நான் சுடுகாட்டுக்குப் போனேன். தள்ளி நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சாவைப் பற்றி வேறெதுவும் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை, அதே மாத்திரையின் பெயரை டாக்டரம்மா எனக்கு எழுதுகிற வரைக்கும்.

இந்த டாக்டரம்மா சின்ன வயசு. உன் வயசுகூட இருக்கலாம். என் பழைய ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "சார், நீங்க விரதமெல்லாம் இருப்பீங்களா?" என்று கேட்டார். "இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன். "கட்டி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உங்களுக்கு பிலிருபின் கொஞ்சம் கூடவே இருந்திருக்கு. மத்ததெல்லாம் சரியா இருக்கு. பட்டினி கெடந்தா கண்ணு மஞ்சளாகுமா?" என்றார். பெட்டி வீட்டு வாசலில் மட்டும் கேட்கப்படுகிற கேள்வியை, ஏசி அறையில், யாரோ ஒரு பெண், பேனாவை உருட்டிக்கொண்டே கேட்கிறார். ஊர்ச்சட்டம் என் நாக்கைப் பிடித்தது, உண்மையாகவே பிடித்தது. அதை உதறிவிட்டு, "ஆகும்" என்றேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உடம்பில் மஞ்சள் சாயம் ஒன்று உண்டாகிறது. அதுதான் பிலிருபின். அதை நீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்ப கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை எவ்வளவு செய்ய வேண்டும் என்று சொல்கிற ஜீனில் சிலருக்குச் சின்ன மாறுதல் உண்டு. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அந்த மாறுதல் வந்து சேர்ந்தால், நொதி குறைவாகவே உண்டாகும். கண்மாயின் மடையைப் பாதி திறந்து வைத்த மாதிரி. சாதாரண நாளில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை. பட்டினி, காய்ச்சல், அலைச்சல் என்று வந்தால் மடைக்கு இந்தப் பக்கம் தேங்கும். கண் மஞ்சளாகும். பிறகு தானே வடியும். நோயில்லை; ஒரு குடும்பத்துக்கு மூக்கு கொஞ்சம் நீளமாக இருப்பது போல. ஆனால் எனக்குக் கொடுக்கப்போகிற மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. அது அதே மடையைப் போய் அடைக்கும். மற்றவர்களுக்கு மடை முழுசாகத் திறந்திருப்பதால் பெரிதாகத் தெரியாது. நமக்கு ஏற்கெனவே பாதிதான். அதனால் கட்டியை மாத்திரை சுருக்கிக்கொண்டிருக்கும்போதே கண் மஞ்சளாகலாம். பார்க்கிறவர்கள் கல்லீரல் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தலாம்.

அப்போதுதான் எனக்கு அண்ணன் முகம் வந்தது. டாக்டரம்மா மேலே சொல்லிக்கொண்டே போனார். ரத்தத்தில் பிலிருபினை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்; நம் குடும்பத்து மஞ்சளில் கரையாத பங்குதான் கூடும், கல்லீரல் கெட்ட மஞ்சளில் கரைகிற பங்கும் சேர்ந்து கூடும், ரத்தம் உறைவது தாமதமாகும், வயிற்றில் நீர் கோக்கும் என்றார். ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அவர் சொன்னபடியே வந்தது. "எங்க குலத்துக்கு மட்டும் ஆத்தா எறங்குறாள்னு சொல்லுவாங்கம்மா" என்று பெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இது ரொம்பப் பேருக்கு இருக்கு சார். எந்தக் குலமும் பாக்காது" என்றார். உன் கண் மஞ்சளானதென்றால் உன் அம்மா வழியிலும் அது வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். வேத்தாளு என்று பந்தலோரம் நிறுத்திவைத்தார்களே, அவள் ரத்தத்திலும் அவர்களுடைய ஆத்தா இருந்திருக்கிறாள்.

இந்த ஒரு ஜீனோடு முடிந்துவிடுகிற கதை என்று நினைக்காதே. மாத்திரையை உடைக்கிற நொதி, உள்ளே இழுக்கிற கதவு, வெளியே தள்ளுகிற கதவு, எல்லாவற்றுக்கும் ஜீன் உண்டு. ஆளுக்கு ஆள் மாறும். ஆஸ்பத்திரிக் கூடத்தில் திருமங்கலத்துக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். அரிசி மண்டி வைத்திருக்கிறார். அதே மாத்திரை, அதே அளவு. அவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரிந்து செக்கச்செவேலென்று இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் எண்ணெய்த் துணி சுற்றி நடப்பார். என் கையை ஒருநாள் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையே! அப்ப உங்க மாத்திர வேல செய்யலையோ?" என்றார். "போங்கண்ணே, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றேன். "இல்ல சார், தோலு உரிஞ்சா உள்ள வேல நடக்குதுன்னு அர்த்தமாம்ல. நான் சந்தோசமாத்தேன் உரிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து தினமும் என் உள்ளங்கையைப் பார்க்கிறேன். வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படி ஒரு பேச்சு இருக்கு, ஆனா அத வச்சு உங்களுக்கு வேல செய்யுமா செய்யாதான்னு என்னால சொல்ல முடியாது. எந்த ஜீனுக்கு என்ன ஆகும்னு இன்னும் முழுசாத் தெரியாது சார். போட்டுத்தான் பாக்கணும்" என்றார். போட்டுத்தான் பார்க்க வேண்டும்! என் உயிரை வைத்துக்கொண்டு சொல்கிறார். நேர்மையான பதில் என்று தெரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை கண்ணைப் பார்த்ததும் ஓடினோம். ரத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். கரையாத பங்குதான் நிறையக் கூடியிருந்தது. ஆனால் மற்றதும் கொஞ்சம் கூடியிருந்தது. "பெரும்பாலும் இது உங்க ஜீன்தான் சார்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "பெரும்பாலும்னுதான் சொல்றேன்" என்றும் சேர்த்தார். மாத்திரையின் அளவைக் குறைத்தார், நிறுத்தவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் ரத்தம், ஸ்கேன். அதற்குள் வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே வரச் சொன்னார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான்கு நாளாகக் குடித்தனம் நடத்துகிறேன். உன் அம்மாவுக்கு அது போதவில்லை. மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பிடிக்கிறாள். "ஒரு வேள மட்டும் விட்டுப் பாருங்களேன்" என்கிறாள்.

இந்த நிலையில்தான் நேற்று உன் பெரியம்மா வந்தாள். நம் வீட்டு வாசலை அவள் மிதித்தது இதுதான் முதல் தடவை. பஸ் ஏறி வந்து, முருங்கைக்கீரைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே, "பெட்டி விசயமாப் பேசலாம்னு வந்தேன் கொழுந்தனாரே" என்றாள். தனக்கு இரண்டும் பொம்பளப் பிள்ளைகள், வீட்டில் வேறு ஆம்பளை இல்லை, அதனால் பழைய பேச்சை விட்டுவிட்டு இந்த வருசம் உன்னைத்தான் விரதம் இருக்கச் சொல்லிப் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள், நீயும் சரி என்று சொல்லிவிட்டாய் என்றாள். என்னிடம் நீ சொல்லவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டே இருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

"வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க... அய்யோ ஆத்தா. அவுகளுக்கும் இப்படித்தேன் இருந்துச்சு."

உன் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது சொல்லுங்கக்கா. மாத்திரைய நிறுத்துங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு."

"நாங்க நிறுத்திப் பாத்தோமே தாயி. என்ன ஆச்சு?" என்றாள் பெரியம்மா.

ஏன் நிறுத்த மாட்டேன் என்று நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் புருஷன் மாத்திரை நின்றதைப் பற்றியும் சொன்னதாகிவிடும். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குச் சொல்வதற்கென்று நான் வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தேன். உங்கள் பெட்டியும் உங்கள் வாய்க்கட்டும்தான் அவரைக் கொன்றது என்று சொல்ல இதைவிட ஒரு நாள் கிடைக்காது. வாயைத் திறந்தபோது அது வரவில்லை. மடை, மாத்திரை, கரைகிற பங்கு, கரையாத பங்கு என்று வகுப்பெடுப்பது மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டரு கேட்டாரு கொழுந்தனாரே," என்றாள். "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கண்ணு மஞ்சளாகியிருக்கா, வீட்டுல யாருக்கும் காமால வந்திருக்கான்னு நல்லாத்தேன் கேட்டாரு. அவுக என்னையப் பாத்தாக. நான் இல்லன்னு சொன்னேன். ஆத்தா எறங்குறத காமாலன்னு எப்படிச் சொல்றது? அடுத்த மாசி பெட்டி தூக்கணுமே."

பிறகு அவள் கேட்டாள். "அப்ப நிறுத்தாம இருந்திருந்தா இருந்திருப்பாகளா?"

"தெரியல மதினி." அதுதான் உண்மை. அவருக்கு நிஜமாகவே கல்லீரல் கைவிட்டிருக்கலாம். மாத்திரை வேலை செய்யாமலே போயிருக்கலாம். பிரித்துப் பார்த்த ரத்தக் காகிதம் ஏதும் இல்லை, ஆளும் இல்லை. "சத்தியமாத் தெரியல" என்றேன் மறுபடியும். அவள் என்னை நம்பினாளா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கீரைக்கட்டைத் தானே எடுத்துப்போய் அடுப்படியில் வைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "பய பெட்டி தூக்க வாரான்ல, அவனையே சொல்லச் சொல்லுங்க. பெட்டி வீட்டு வாசல்ல நின்னு சொல்லட்டும். நான் சொன்னா, தாலியறுத்தவ பொலம்புறாம்பாய்ங்க. நீங்க சொன்னா, சாமிய மறுக்குறவன் பேச்சும்பாய்ங்க. ஆத்தா எறங்குன கண்ண வச்சுக்கிட்டு அவன் சொன்னா, மறுக்குறதுக்கு ஒருத்தனுக்கும் வாய் வராது." கேட்டைத் தாண்டும்போது, "வாரேன். மாத்திரைய மட்டும் விட்டுறாதீக" என்றாள்.

ஆகவே, மகனே, நீ காப்புக் கட்டுவதை நான் தடுக்கப்போவதில்லை. தடுப்பேன் என்று பயந்துதானே என்னிடம் மறைத்தாய்? விரதம் இரு. உனக்கு அதனால் கெடுதல் இல்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் நிறையக் குடி. சிவராத்திரி காலையில் பூசாரி உன் இமையை இழுத்துப் பார்த்து, கூட்டம் குலவையிட்டு ஓயும்போது, பெட்டியைத் தலையில் வாங்குவதற்கு முன்னால் பேசு. இது ஆத்தா கொடுத்ததாகவே இருக்கட்டும், அதை நீ மறுக்காதே. ஆனால் ஆத்தா கொடுத்ததை டாக்டரிடம் மறைக்கச் சொல்லி ஆத்தா சொல்லவில்லை என்று சொல். நம் ஆட்களில் எவருக்காவது பெரிய வியாதி வந்து, "முன்னாடி கண்ணு மஞ்சளாகியிருக்கா?" என்று கேட்டால், ஆகியிருக்கு என்று பதில் வர வேண்டும். சில மாத்திரைகள் நமக்கு வேறு மாதிரி வேலை செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் சொல். எல்லா மஞ்சளும் ஆத்தா மஞ்சள் என்றும் சும்மா இருந்துவிடக்கூடாது. பட்டினியில்லாமல் வருகிற மஞ்சளுக்கு ஓடிப்போய் ரத்தம் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் அங்கே வாசிக்கலாம். உன் பெரியப்பா பேசியதை நான் எழுதியிருக்கிற இடத்தை மட்டும் வேண்டுமானால் விட்டுவிடு. உன் பெரியம்மா அங்கே இருப்பாள்.

உனக்கென்று தனியாக ஒன்று. நாளைக்கு வருகிற காகிதம் கெட்டதாக இருந்தால், மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்குத் தெளிவு இருக்குமோ இருக்காதோ. உன் அம்மா பயத்தில் நிறுத்தச் சொல்வாள். நான் வீம்பில் தொடரச் சொல்வேன். இரண்டையும் கேட்காதே. பிரித்துப் பார்த்தீர்களா, ரத்தம் உறைகிறதா, ஸ்கேனில் கட்டி என்ன ஆயிற்று என்று கேள். அந்த டாக்டரம்மா 'பெரும்பாலும்' என்று சொன்னால் அதை 'நிச்சயம்' என்று மாற்றிக் கேட்காதே. இந்தப் பொறுப்பை ஒரு பிள்ளை தலையில் வைப்பது எனக்குக் கூசுகிறது. பெட்டியை விட இது கனம்.

இன்று காலையில் நடந்ததை எழுதாமல் முடிக்க முடியாது. உன் அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, வழக்கம்போல, "சொல்லுங்க, யார் யார் மேல கோபம்?" என்றாள். செயலாளரைச் சொன்னேன். அவள் அண்ணனைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரைச் சொன்னேன். சொல்லி முடித்துக் காபியை எடுத்தேன். அவள் நகரவில்லை. முகம் வெளுத்துப்போய், "முதல் பேரு வரலையே" என்றாள். தினமும் முதலில் வருகிற பெயர் உன் பெரியப்பா. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கி என்ன கெழமை? நான் யாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். பதினேழாம் வாய்ப்பாடுகூடச் சொன்னேன். அவள் பயம் போகவில்லை. என் பயமும் போகவில்லை. அந்தப் பெயர் என் மூளையிலிருந்து நழுவிவிட்டதா, நேற்று மதினி போன பிறகு நானே விட்டுவிட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஊருக்கு வரும்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வா. பல் விளக்குவதற்கு முன்னால் என்னை வெயிலில் உட்காரவைத்துக் கண்ணைப் பார். பிறகு அந்தக் கேள்வியை நீயும் ஒருமுறை கேள். அவர் பெயர் வரவில்லையென்றால், உடனே ஆட்டோவைக் கூப்பிட்டுவிடாதே. கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எது என்று பார்த்துச் சொல்.

அப்பா